நீங்கிய காரணம்

பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் ஆனால் கண் எரியும், தும்மல் நிற்காது. எந்திரம்போலப் புரட்டுகிற கை, "நீங்கிய காரணம்" என்ற கட்டத்தைக் கண்டால் மட்டும் தயங்கும். சங்கரன்கோவிலில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒட்டிக்கொண்ட தயக்கம் அது.

பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது என்று ஓர் அறையை ஒழித்து அருங்காட்சியகம் வைத்தார்கள். விரிசல் விட்ட மணி, மைக்கூடுகள், யாரோ கொடுத்த பித்தளைக் கூஜா, நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சேர்க்கைப் பதிவேடு. அதில் அப்பாவின் பக்கத்தைத் தேடித் திறந்து வைக்கும் பொறுப்பை டீச்சர் எனக்குக் கொடுத்தார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அப்பாவுக்குத்தான் விழாவில் பழைய மாணவர் என்று பொன்னாடை.

அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து, பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அத்தோடு கை சும்மா இருக்கவில்லை. முன்பக்கங்களைப் புரட்டினால், தகப்பனார் கட்டத்தில் தாத்தா பெயர், மாணவர் கட்டத்தில் அத்தை பெயர்!

அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். சமையல், துணி, மாவு எல்லாம் அவள் தலையில். ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பாள். கேட்டால், "எனக்கு எழுத்தும் தெரியாது, எழவும் தெரியாது" என்பாள். அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறாள்! பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி எனக்கு. அவள் நீங்கிய தேதியையும் எழுதிக்கொண்டேன். நீங்கிய காரணம் "தம்பிக்குத் துணை" என்றிருந்தது. எங்கள் வகுப்பில் லீடருக்கு அடுத்தவள் துணை லீடர். அந்த மாதிரி ஏதோ பதவி என்று நம்பி, டீச்சருக்கும் சொல்லாமல் அந்தப் பக்கத்தையே திறந்து வைத்தேன்.

விழா அன்று அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கண்ணாடிமேல் விரலை வைத்து, உதடு அசையத் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். விரல் அப்படியே வலப்பக்கம் நகர்ந்து கடைசிக் கட்டத்தில் நின்றது.

"துணைன்னா லீடர் மாதிரியா அத்தை?"

"ஆமா மக்கா, லீடர்தான்." விரலை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கால் கடுக்குதுட்டி. வீட்டுக்குப் போறேன், மாவு ஆட்டணும்."

அதற்குள் அப்பா பொன்னாடையோடு வந்துவிட்டார். பெட்டிக்குள் பார்த்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"இரு அக்கா, ஆட்டோவுல போவலாம்."

"நீ இருலே. ஒன்னையத்தான கூப்பிட்டிருக்காவ."

அத்தை வெயிலில் நடந்து போனாள். அப்பா டீச்சரிடம், "இந்தப் பக்கம் வேண்டாம் டீச்சர்" என்றார். பக்கம் திரும்பியது. நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகை முட்டியது. அன்று முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அப்பாவும் யாரோடும் பேசவில்லை. என் கோபத்துக்குப் பயந்துவிட்டார் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அடுத்த வாரம் ரேஷன் கடையில் அத்தையின் காதில், "ஒனக்குத்தான் தெரியும்லா, கையெழுத்துப் போடு" என்றேன்.

"அதெல்லாம் மறந்து போச்சுட்டி" என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

இரண்டு தேதிகளும் எழுதிய தாள் வெகுநாள் என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் கிடந்தது. அப்பா பிறந்ததற்கு அடுத்த மாதம் அத்தை பள்ளியை விட்டு நீங்கியிருந்தாள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் நான். அந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.