கழுவாத கை

இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பு, சுரங்கத்துக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் பாறை உடைத்துக்கொண்டிருந்த காலம். கோரமண்டல் பக்கம் ஒரு கூலி லைனில், மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறையில் நான், என் மனைவி, என் அப்பா மூன்று பேரும் இருந்தோம்.

அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து முதன்முதலில் இங்கே வந்து இறங்கியவர்களில் ஒருவர். பத்துப் பன்னிரண்டு வருடம் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை. அந்தச் சத்தத்தில் காது போனது. பிறகு கண்ணில் பூ விழுந்து பார்வையும் போனது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இதைப் பெரிய சோகமாக நான் சொல்லவில்லை. எங்கள் லைனில் அப்படி நாலைந்து பேர் உண்டு. கை கால் முழுசாக இருந்த வகையில் அப்பா கொடுத்துவைத்தவர். நாள் முழுக்கக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஷிப்டு முடிந்து மத்தியானம் நான் வந்ததும் சாப்பிடுவார். அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது.

நான் வேலை செய்த சுரங்கத்தில் ஒரு புது விதி வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. தங்கக்கல் துணியில் ஒளிந்து வெளியே போகிறதாம். அதனால் வேலைத் துணியை வாசலில் உள்ள கொட்டகையிலேயே கழற்றி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி கட்டி, காவல்காரரின் சோதனைக்கு நின்ற பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். கூட இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அடுத்தவன் செலவில் சோப்பு என்றால் யாருக்குக் கசக்கும்?

நான் மணக்க மணக்க வீட்டுக்குப் போன முதல் நாளே அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாளும் அப்படியே. தோளைத் தொட்டால் கையைத் தட்டிவிட்டார். தூங்கவில்லை. "வரலியா, இன்னும் வரலியா" என்று ஓயாமல் முனகினார். புத்தியும் கொஞ்சம் தடுமாறத் தொடங்கியிருந்த நேரம். கூட வேலை செய்து சுரங்கத்தோடு போன பழைய ஆட்களைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போய், சாக்கடையில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்.

பேய்தான் என்றது பக்கத்து வீடு. பூதிகோட்டையிலிருந்து பேய் ஓட்டுகிற ஒருவரை வரவழைத்தோம். அவர் போட்ட சாம்பிராணிப் புகையில் அப்பா பத்துத் தும்மல் தும்மியதுதான் மிச்சம்.

கண்டுபிடித்தது என் மனைவி. கூடையின் அடியில் கிடந்த என் பழைய தலைத்துண்டு ஒன்றை அவள் துவைக்க எடுத்திருக்கிறாள். அப்பா அதைப் பிடுங்கி மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தாராம்.

"இன்னாங்க, மாமாவுக்கு அந்த சுரங்க வாடைதான் வேணும் போல. நீங்க சோப்பு வாசனையோட வந்தா எரிஞ்சு விழறாரு. துண்ட மோந்ததும் அடங்கிட்டாரு" என்றாள்.

இரண்டு நாளில் துண்டிலிருந்த வாடை போய்விட்டது. பழையபடி முனகல்.

பொடி போடுகிறவருக்குப் பொடி இல்லாமல் போன மாதிரி என்று நான் முடிவு கட்டினேன். பன்னிரண்டு வருடம் மூக்கில் ஏறிய வாடை. கிடைக்காமல் தவிக்கிறார், அவ்வளவுதானே? சுரங்கத்தில் மெழுகுவர்த்தியைப் பாறையில் ஒட்டி நிறுத்த ஈரக் களிமண் உருண்டை வைத்திருப்போம். வர்த்தியிலிருந்து உருகி வழிந்த கொழுப்பும் வெடிப்புகையும் ஏறி, அந்த மண்ணில் சுரங்கம் மொத்தமும் மணக்கும். எலுமிச்சம்பழ அளவு ஒரு உருண்டையை நன்றாகப் பிசைந்து கஞ்சித் தூக்கின் அடியில் அப்பினேன். குளித்த பிறகும் அதை எடுத்துப் பார்த்து ஒருமுறை அழுத்திவிட்டேன். தங்கத் திருட்டுக்காகவே ஆளைச் சோதிக்கிற வாசலில் மண்ணை ஒளித்துக்கொண்டு போகிற புத்திசாலி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காவல்காரர் தூக்கைக் கவிழ்த்தார். அரை மணி நேரத்தில், சுரங்கத்தை நடத்தும் காப்டன் துரையின் மேஜைக்கு முன்னால் நின்றேன். பாதி உருண்டையைத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினார்கள். அந்தத் தட்டில் எதுவும் மின்னக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. இந்த ஊர் மண்ணில் எது மின்னும், எது மின்னாது என்று யார் கண்டது? மின்னினால் எனக்கு ஜெயில், அறையும் போகும், மனைவியும் பார்வையில்லாத அப்பாவும் தெருவில். எதுவும் மின்னவில்லை. ஆனாலும் துரை விடவில்லை.

"சும்மா மண்ண எவன்யா திருடுவான்? எவனுக்குக் குடுக்கப் போற, சொல்லிடு. துரை போலீசுக்கு ஆள் அனுப்பப் போறாரு" என்றார் துரையின் பேச்சைத் தமிழில் சொன்ன குமாஸ்தா.

"எங்க நைனாவுக்குங்க. மோந்து பாக்கறதுக்கு."

குமாஸ்தா சிரித்தார். துரையிடம் சொன்னார்; அவரும் சிரித்தார். எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

அப்போது வாசலில் கூச்சல். நான் வரத் தாமதமானதால் என் மனைவி விசாரிக்கக் கிளம்பியிருக்கிறாள். அப்பா அவள் கையை விடாமல் கூடவே வந்துவிட்டார். "என் புள்ள இன்னும் மேல வரல! ஆள் ஏத்தற கேஜ இறக்கிப் பாருங்கடா!" என்று காவல்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். இருவரையும் உள்ளே விட்டார்கள். சோதித்துப் பார்க்க நினைத்தாரோ என்னவோ, குமாஸ்தா மீதி மண்ணை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார்.

அப்பா மோந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இது மண்ணு. மண்ணு மட்டும் மேல வந்தா ஆச்சா? என் புள்ள எங்கடா?"

குமாஸ்தாவின் சிரிப்பு நின்றது. நான் போய் அப்பாவின் கைகளைப் பிடித்தேன். தூக்கின் அடியில் அழுத்திய மண் என் விரலிடுக்கில் இருந்தது; பயத்தில் கையும் வியர்த்திருந்தது. பிடித்த கையை அவர் மூக்குக்கு இழுத்துக்கொண்டார். விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று நிதானமாக மோந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டியா? இன்னாடா இவ்ளோ நேரம்? பசி உயிர் போவுது" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சுரங்கத்துக்காக ஏங்கவில்லை. கண்ணும் காதும் இல்லாதவருக்கு, வியர்வையோடு கலந்த அந்த வாடைதான் மகன் உயிரோடு திரும்பிவிட்டான் என்ற சேதி. பத்துப் பதினைந்து நாளாக அவர் கணக்கில் யாரோ ஒரு சோப்பு மணக்கும் ஆள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மகன் கீழேயே கிடந்தான். அந்த நிலையில் சோறு எப்படி இறங்கும்?

குமாஸ்தா இரண்டு வாக்கியத்தில் துரைக்கு விளக்கினார். துரை கீழே விழுந்த மண்ணை எடுத்து ஜன்னல் வழியே வீசிவிட்டு, இனி ஒரு பொட்டு மண் போனாலும் வேலை போகும் என்று எச்சரித்து எங்களை அனுப்பினார்.

மறுநாளிலிருந்து உடம்பெல்லாம் சோப்புப் போட்டேன், வலது கையைத் தவிர. காவல்காரர் அதைக் கவனித்தார். துணியைத்தான் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், வாடையை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, "போ" என்றார். வீட்டில் அப்பா கையை வாங்கி மோந்து பார்த்த பிறகு நான் கை கழுவுவேன்; இருவரும் சாப்பிட உட்காருவோம். ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அப்பா காலமானார்.

இப்போது இரண்டு கையையும் கழுவிவிட்டுத்தான் வருகிறேன். என் மனைவிக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன. என்னைப் பார்த்தாலே அவளுக்குப் போதும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் சோப்பை எடுக்கும்போது, உயிரோடு மேலே வந்துவிட்ட சேதியையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோமோ என்று என் வலது கை ஒரு கணம் தயங்குகிறது.