இடது வெளியில் ஒரு குழி

அந்தச் சனிக்கிழமை காலையும் நூலின் ஒரு நுனி உருத்திரமூர்த்தியின் கையில் இருந்தது, மறுநுனி மகள் தக்சாயினியின் கையில். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, நெக்கார் ஆற்றோரப் பேஸ்போல் மைதானத்துக்கு அவர் இருபத்தொரு வருடமாகப் பராமரிப்பாளர். ஆட்டத்துக்கு முன் நூல் இழுத்துச் சுண்ணாம்புக் கோடு போட இரண்டு பேர் வேண்டும். மனைவி யோகத்துக்கு முழங்கால் இயலாமல் போன நாளிலிருந்து அந்த இரண்டாவது ஆள் மகள்தான். நில அளவை படித்து வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளை அவள் வேறெதற்கும் கொடுக்கவில்லை.

"இரண்டு சென்ரிமீற்றர் வெளிய நிக்குது, அப்பா."

"இரண்டு சென்ரிமீற்றரில ஆர் பிள்ளை வெல்லப்போறான்?" என்றார். ஆனாலும் முளையைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடித்தார்.

அது 2007. நெக்கார் ஹெரன்ஸ் கழகத்துக்கு இருபத்தைந்தாவது வருடம். கழகத்தின் தலைசிறந்த ஒன்பது பேரை, ஓர் இடத்துக்கு ஒருவராக, பலகையில் எழுதி மாட்டுவதென்று முடிவாகியிருந்தது. நிர்வாகிகளிடையே இணக்கம் வரவில்லை. சொந்த மைதானத்து ஆட்டங்களை இருபத்தொரு வருடமும் ஒன்றுவிடாமல் பார்த்த ஒரே மனிதர் உருத்திரமூர்த்தி என்பதால் தெரிவு செய்யும் வேலை அவரிடம் வந்தது.

ஊரில் கிரிக்கெட் மட்டுமே பார்த்தவர் அவர். ஓட்டக் கணக்கைவிட, ஆட்டம் முடிந்து தான் வாரிய மண்ணையே நம்பினார். சம்பளத்துக்கு வந்த அமெரிக்கப் பந்துவீச்சாளரை எழுதியதற்குக் காரணம், அவனுடைய கால் கடைசிப் பந்து வரை ஒரே குழியில் விழுந்தது. மற்றவர்கள் மூன்று குழி போட்டார்கள். இரண்டாம் பேஸ் பக்கம் நின்றவனின் குதிக்கால் மண்ணில் பதிந்ததே இல்லை. பந்து கிளம்புமுன் அவன் விரல்நுனியில் நின்றிருப்பான். இப்படி எட்டுப் பேரை ஒரே இருப்பில் எழுதிவிட்டார். ஒன்பதாவது இடம், பேஸ்களுக்கு அப்பால் இடப்பக்கப் புல்லைக் காக்கும் இடது வெளி, வெறுமையாகக் கிடந்தது.

மழைநீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க அன்று தக்சாயினி தன் வேலையிடத்து மட்டக் கருவியைக் கொண்டுவந்திருந்தாள். கோடு போட்டு முடித்து வெளிப்புல்லை அளந்தபோது ஓரிடத்தில் மட்டும் எண்கள் அசையவில்லை. ஒரு பாய் விரிக்கும் அகலம், கண்ணாடி போல.

"முழு மைதானத்திலையும் இந்த ஒரு இடம்தான் சரிமட்டம். இதுக்குள்ள என்ன தாட்டு வைச்சிருக்கிறியள்?"

அவர் சிரிக்கவில்லை. சுண்ணாம்பு வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.

1991, இறுதி ஆட்டம். அதற்கு முந்திய வியாழன், மழையில் நிலம் தாழ்ந்து அவ்விடத்தில் ஒரு சாண் குழி விழுந்திருந்ததைக் கண்டார். வெள்ளி அவருக்கு விசா அலுவலகத்தில் டெர்மீன், தவறவிட முடியாத சந்திப்பு நேரம். சனி முழுக்க மழை. ஞாயிறு வந்து பார்த்தபோது குழியைப் புல் மூடியிருந்தது. போதும் என்று விட்டுவிட்டார். கடைசிப் பந்து உயர்ந்து இடது வெளிக்கு வந்தது. அங்கே நின்ற ஊவே பிரொய்னிங்கர் சரியான இடத்துக்கு ஓடினான், கால் பிரண்டது, பந்து விழுந்தது, கோப்பை போனது. தன் காலே தடுக்கி விழுந்தவன் என்று எல்லோரும் சொன்னார்கள். கையுறையை ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில் விட்டுப் போன ஊவே திரும்பி வரவேயில்லை. திங்கள் விடிய, ஒருவரும் வருமுன் உருத்திரமூர்த்தி குழியை நிரப்பினார்.

"அந்தப் பந்துக்கு அவனளவு கெதியாப் போகக்கூடியவன் இண்டைக்கும் இல்லை. பேரை எழுத முதல் அவனிட்டைச் சொல்லவேணும்."

"பதினாறு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"வேலை போயிடும் எண்டு பயம். பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்திட்டனே எண்டு வெக்கம்."

அடுத்து வந்த வியாழக்கிழமை கருவிக் கொட்டகை வாசலில் அவருக்கு நெஞ்சு நின்றுபோனது.

அடுத்த சனிக்கிழமை மறுநுனியை யாரோ ஒரு நிர்வாகி பிடித்தார். நூல் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா பிடித்தால் அவருடைய நடை நூல் வழியாக அவள் விரலுக்கு வரும், மெல்லிய துடிப்பாக. கோடு முடியும்வரை அவள் அதற்காகக் காத்திருந்தாள். கோடு நேராக வந்தது.

பலகை எழுதுபவர் காத்திருக்கிறார் என்று கழகச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். இடது வெளிக்கு மூன்று பெயர்கள் இருக்கின்றனவாம், வாக்கெடுத்து முடித்துவிடலாமாம். அவளுக்குப் பெயர் தெரியும். எழுத ஒரு நிமிடம் போதும். சொன்ன பிறகுதான் எழுதவேண்டும் என்று அப்பா வைத்த ஒழுங்கு அவளை விடவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டாள்.

கொட்டகை அலுமாரியில் ஊவேயின் கையுறை இருந்தது. தேங்காயெண்ணெய் பூசிப் பூசிப் பதினாறு வருடமும் தோல் இளகியே இருந்தது. உள்ளே மடித்த தாள் ஒன்று. அவனுடைய கொய்ப்பிங்கன் விலாசம். அதன் கீழே, சொல்லிப் பழகுவதற்காகத் தமிழ் எழுத்தில் எழுதிய ஜெர்மன் வசனம்: குழி என்னுடைய பிழை, ஊவே, உன்னுடைய கால் இல்லை. இரண்டு இடத்தில் வெட்டித் திருத்தியிருந்தார். அவள் வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். பிழையில்லை.

கடைசி வரியில் ரயில் நேரம். ஞாயிறு, 10.14. அவர் இறந்த வியாழனுக்கு மூன்றாம் நாள்.