முதல் ஓட்டை என்னுடையது

பதினோரு வருடங்களில் நான்கு வாடகை வீடுகள். நான்கு ஓனர்களும் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே சொன்ன வாசகம் ஒன்றுதான்: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." அம்பத்தூரில் எங்கள் முதல் ஓனர் இதைச் சொல்லிவிட்டு, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் சுவரை ஒருமுறை தடவியும் காட்டினார். சரி என்று தலையாட்டினோம். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. சாமி படங்கள் அலமாரித் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. சுவர்க் கடிகாரம் என்று பெயர்தான், எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர. முதல் வீட்டுக்குக் குடிவந்த மாதம் ஆசைப்பட்டு ஓர் ஆளுயரக் கண்ணாடி வாங்கியிருந்தேன். தேக்குச் சட்டம், பின்னால் மேல் விளிம்பை ஒட்டி இரண்டு பித்தளை வளையங்கள். மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி. மாட்ட முடியாததால் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தோம். சாய்ந்த கண்ணாடியில் நான் எப்போதும் பின்னால் விழப்போகிறவள் மாதிரியே தெரிவேன். புடவை மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் மடிப்பு கலைந்துவிடும். பதினோரு வருடம் இந்தக் கூத்து.

ஒரே ஒரு முறை ஓனர் வாக்கை மீறினோம். திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்து வீடு, கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். கொசுவலை கட்ட நான்கு ஆணிகளைத் திருட்டுத்தனமாக அடித்தோம். காலி செய்யும்போது அவற்றைப் பிடுங்கி, ஓட்டைகளில் வெள்ளைப் பல்பசையை அடைத்து, விரலால் தேய்த்துச் சுவரோடு சுவராக்கினேன். வாடகைக்குக் குடியிருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை இது. ஓனர் டார்ச் அடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே!

பிறகு வெள்ளானூரில் எங்கள் சொந்த வீடு எழுந்தது. பால் காய்ச்சிக் குடிவந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை காலைல எலக்ட்ரீஷியன் வராரு. உன் கண்ணாடி, கர்ட்டன் ராடு எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாட்டிடுவாரு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என் வீட்டுச் சுவத்துல முதல் ஓட்டையை யாரோ ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போறதா? நான் போடுறேன்."

"உன்கிட்ட ஒரு சுத்தியல்கூட இல்லையேம்மா."

"டிரில்லிங் மெஷின் வாங்குவேன்."

"ஒரு கண்ணாடிக்கு ஒரு மெஷினா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணம் கொண்ட சிரிப்பில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு வேலையைக் கெடுத்தது, அல்லது ஆரம்பித்து வைத்தது. ஞாயிறு காலைக்குள் நான் அந்த ஓட்டையைப் போட்டாக வேண்டும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிப்பவள். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். அன்றிரவே மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். வயர் உள்ள மெஷின் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றாகிவிட்டது. எங்கள் படுக்கையறையில் பிளக் பாயின்ட் இருப்பது பீரோவுக்குப் பின்னால். வயர் இழுத்தால் அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். இன்னொரு ஆள் வேண்டாம் என்பதுதானே விஷயமே! ஆகவே பேட்டரி மெஷின். பதினான்கு மெஷின்களை ஒரு பட்டியலில் போட்டேன். எத்தனை வோல்ட், என்ன எடை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, வாங்கியவர்கள் எதற்காகத் திட்டுகிறார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். வெள்ளிக்கிழமை ரயிலில் நின்றுகொண்டே சுவரில் ஓட்டை போடும் வீடியோ இரண்டு பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண் என் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

என் மனம் நின்றது பன்னிரண்டு வோல்ட் மெஷின் ஒன்றில். சின்னது, ஒரு கிலோகூட இல்லை, மயில் நிறம். கைக்கு அடக்கமாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை கணவருக்கு அலுவலகம் உண்டு. அவர் ரயில் ஏறியதும் நான் ஆவடி மார்க்கெட் பக்கம் இருக்கும் ஹார்ட்வேர் கடைக்குப் போய்விட்டேன். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார்கள்.

"சாருக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"கிஃப்ட் கொடுக்கவா?"

"எனக்குங்க. நான் ஓட்டை போட."

மயில் நிற மெஷினை எடுத்து வைத்தார். கையில் எடுத்தேன். அடடா, என்ன அழகு! பணப்பையைத் திறக்கப் போன நேரத்தில், பக்கத்தில் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தவர் திரும்பினார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், காதில் பென்சில், சட்டையெல்லாம் மரத்தூள். தச்சு வேலை செய்பவர் என்று சொல்லாமலே தெரிந்தது.

"இன்னாம்மா, ஊட்டு வேலைக்கா?"

"ஆமாங்க. பெரிய கண்ணாடி ஒண்ணு மாட்டணும்."

"உன் ஊட்டு சொவரு இன்னா சொவரு?"

நான் முழித்தேன். பதினான்கு மெஷின்களின் சுற்று வேகம் எனக்கு மனப்பாடம். ஆனால் இந்தக் கேள்விக்கு என் பட்டியலில் கட்டமே இல்லை. "கிரீம் கலர்" என்றேன்.

கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தச்சர் சிரிக்கவில்லை. "கலரு இல்லம்மா. உள்ளார இன்னா கீது? செங்கல்லா, கல்லா, காங்கிரீட்டா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கிறவள், என் சொந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. பதினோரு வருடமாகச் சுவர் என்றால் எனக்கு மேல்பூச்சுதான். கீறல் விழக் கூடாது, கறை படக் கூடாது, அவ்வளவே. அதற்குள்ளும் ஒன்று இருக்கும் என்பது வாடகைக்காரியின் யோசனைக்கு வராத விஷயம்.

நல்லவேளை, வீடு எழும்பும்போது ஞாயிறுதோறும் போய் எடுத்த படங்கள் கைப்பேசியில் இருந்தன. தேடி எடுத்துக் காட்டினேன். தச்சர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சாம்பல் நிறக் கற்கள் வரிசையாக அடுக்கியிருந்தன, மூலையில் கான்கிரீட் தூண்.

"சாலிட் பிளாக்கு. மூலைல பில்லரு. இந்தக் குட்டி மெஷினு கீதே, மரத்துக்கு ஷோக்கா போவும். இந்தச் சொவத்துல சுத்திகினே இருக்கும், உள்ள எறங்காது. உனுக்கு ஹாம்மர் மெஷினு வேணும்மா. சுத்தச்சொல்லவே உள்ளார இடிச்சிகினே போவணும்."

கடைக்காரர் பதினெட்டு வோல்ட் மெஷினை எடுத்து வைத்தார். கறுப்பு, தடிமன், ஒரு அழகும் இல்லை. தூக்கினால் ஒரு முழுப் பூசணிக்காய் போலக் கனத்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துத் தச்சரே சொன்னார்: "தலைக்கு மேல தூக்கிப் புடி. நூறு எண்ணு."

கடை நடுவில், திருகாணிகளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் மத்தியில், இரண்டு கையாலும் மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஐம்பதில் தோள் எரிந்தது. எழுபதில் முழங்கை மடங்கப் பார்த்தது. கடைக்குள் வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நூறு வரை எண்ணிவிட்டுத்தான் இறக்கினேன்.

"பேட்டரி பெர்சா போட்டுகீது, அதான் கனம்" என்று தச்சர் அதைக் கழற்றிச் சின்ன பேட்டரி ஒன்றை மாட்டினார். "சின்னதா ரெண்டு வாங்கிக்க. ஒண்ணு ஓடச்சொல்ல ஒண்ணு சார்ஜ் ஏறும். இப்போ புடி." பிடித்தேன். இது என் கை தாங்கும் கனம். சந்தேகமே இல்லை, இதுதான் என் மெஷின்.

கடை வாசலில் ஒரு உடைந்த சாலிட் பிளாக் கிடந்தது. வாங்குகிறவர்கள் சோதித்துச் சோதித்து அதில் சல்லடை போல ஓட்டைகள். கடைக்காரர் சுவருக்கான பிட்டை, அதாவது துளைக்கும் முறுக்குக் கம்பியை, மெஷினில் மாட்டிக் கொடுத்தார். தச்சர் பக்கத்தில் குந்தினார். "மொதல்ல ஆணி வெச்சி ஒரு புள்ளி குத்திக்கோ. இல்லாங்காட்டி பிட்டு வழுக்கிகினு போய்டும். இன்னா?" புள்ளி குத்தினேன். விசையை அழுத்தினேன்.

அந்த நடுக்கம் விரலில் ஆரம்பித்து முழங்கை, தோள், பல் வரை ஏறியது. சாம்பல் பொடி மூக்கில் அடித்தது. கல் வழிவிட்டது. எண்ணிப் பத்தே நொடியில் வட்டமான, சுத்தமான, என்னுடைய ஓட்டை! "போட்டுட்டேன்!" என்று நடுத்தெருவில் கத்தினேன். தச்சர் இப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். புது பேட்டரிக்கு முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் சமைத்திருக்கலாம், துணி மடித்திருக்கலாம். சார்ஜரில் விட்டு விட்டு எரிந்த பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு நிலையாக எரிந்ததும் பாய்ந்து எழுந்தேன். கண்ணாடியின் வளையங்களை அளந்து, சுவரில் பென்சிலால் இரண்டு குறி போட்டேன். ஸ்டூலில் ஏறினேன். மெஷினைத் தூக்கினேன். கை ஓடவில்லை. யாருமில்லாத வீட்டில் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

புள்ளி குத்த மறந்துவிட்டேன். பிட் வழுக்கி, பெயின்டைக் கீறிக்கொண்டு, குறிக்கு மூன்று விரல் மேலே போய் அங்கே இறங்கியது. நிறுத்தத் தெரியாமல் முழு ஆழத்துக்கும் இறக்கிவிட்டேன்.

மெஷின் நின்றதும், அதற்காகவே காத்திருந்தது போல வாசல் மணி அடித்தது.

அடுத்து நான் செய்ததை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமலும் இருக்க முடியாது. ஸ்டூலிலிருந்து குதித்தேன். மெஷினைத் தலையணைக்குக் கீழே ஒளித்தேன். குளியலறைக்கு ஓடிப் பல்பசையை எடுத்து வந்து, ஓட்டையில் பிதுக்கி, விரலால் தேய்த்தேன். தரையில் கொட்டிய பொடியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மணி மறுபடி அடித்தது. "இதோ வரேன் சார்!" என்று குரல் கொடுத்தேன். எந்த சார் என்று எனக்கே தெரியாது.

கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெண்மணி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், குடிவந்த அன்று எங்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொடுத்தவர். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எலக்ட்ரீஷியன் வந்துகீறாராம்மா? சத்தம் கேட்டுச்சு. எங்க ஊட்லயும் ஒரு கொக்கி மாட்டணும், அனுப்பி வையி."

"எலக்ட்ரீஷியன் இல்லக்கா. நான்தான்."

"நீயா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படுக்கையறைக்கே வந்துவிட்டார். கீறலைப் பார்த்தார். அது முடிகிற இடத்தில், கிரீம் நிறச் சுவரில் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம். கிட்டே போய் முகர்ந்தார். "இன்னாது, பேஸ்ட்டு வாசன வருது?"

சொன்னேன். ஓட்டை போட்டது, தப்பாகப் போனது, மணி அடித்தது, அடைத்தது, எல்லாவற்றையும்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் ஊட்ல நீ ஓட்ட போட்டதுக்கு யாரும்மா வந்து கேப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கையில் கண்ணும் நிறைந்துவிட்டது. பதினோரு வருடம் யாருடைய சுவரையோ நோகாமல் பார்த்துக்கொண்ட உடம்பு, சொந்த வீட்டுக்குக் குடிவந்த செய்தி இன்னும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

தலையணைக்குக் கீழிருந்து மெஷினை எடுத்தேன். இந்த முறை ஆணியால் புள்ளி குத்தினேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. இரண்டும் குறி தப்பவில்லை. கடையில் மெஷினோடு வாங்கிய பிளாஸ்டிக் குழல்களை ஓட்டைகளில் செருகிக் கொக்கிகளைத் திருகி, இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கி மாட்டினோம். கையை விட்டோம். நின்றது.

எதிரில் போய் நின்று பார்த்தேன். நான் விழப்போகவில்லை. தலையில் பொடி, மூக்கில் பொடி, கையில் மெஷின், நேராக நின்றுகொண்டிருந்தேன். நான் இவ்வளவு உயரமா என்று இருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக் கொக்கியையும் நானே மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். கணவர் வீடு திரும்பி, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து எலக்ட்ரீஷியனிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். பிறகுதான் சட்டத்துக்கு மேலே அவர் பார்வை போனது. அதற்குள் நான் பல்பசையை ஊக்கால் தோண்டி எடுத்து, துணியால் துடைத்துவிட்டிருந்தேன்.

"மேல இன்னொரு ஓட்டை இருக்கே, அது எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா."

"அடைச்சிடலாமா?"

"வேண்டாம்" என்றேன். "அதுதான் முதல் ஓட்டை."