தனுஷ்கோடிக்கு வந்த அய்யா

அபிராமத்திலிருந்து பரமக்குடிக்கு முதல் பஸ் இருட்டோடு புறப்படும். பதினைந்து மைல், கட்டணம் எட்டணா. இரண்டு பக்கமும் கரிசல் காடு, காய் பறித்து முடிந்த மிளகாய்ச் செடிகள். மாசி மாதப் பனியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இறந்துபோன அய்யாவை எதிர்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு ஏழு வயதில், மழை பொய்த்த ஒரு வருஷம், அய்யா இலங்கைக்குக் கப்பலேறினார். "நெல்லு விளையட்டும், வாரேன்லே" என்றார். நெல் எத்தனையோ முறை விளைந்தது, அவர் வரவில்லை. கண்டிப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார், அங்கே இன்னொரு பெண்சாதியும் ஒரு பிள்ளையும் உண்டு என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். இப்போது, அவர் இறந்துவிட்டார், அந்தப் பிள்ளை அஸ்தியோடு தனுஷ்கோடிக்கு வருகிறான் என்று வியாபாரி ஒருவர் மூலம் சேதி வந்தது.

அம்மா அழவில்லை. தாலியைத் தானே கழற்றி அடுக்குப் பானைக்குள் போட்டாள். "அந்தாளு இங்கன வர வேணாம். கடல்லயே விட்டுட்டு வா" என்றாள்.

பரமக்குடியில் ரயில் ஏறியபோது நன்றாக விடிந்திருந்தது. ராமநாதபுரம் தாண்டியதும் மண் வெளுத்து, பனைகள் குட்டையாகின்றன. எதிரே தங்கச்சிமடத்து அம்மாள் ஒருத்தி கழுத்தில் சிலுவையோடு காலிக் கூடைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சேதுவுக்கா போறீக? யாருக்கு?"

"எங்க அய்யாவுக்கு."

"அடடா. நல்லா வச்சிருந்தாகளா ஒங்களை?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நல்லவேளையாகப் பாம்பன் பாலம் வந்தது. ஒரு மைலுக்கு மேல் நீளம். வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே பார்த்தால் தண்ணீர்தான். பெட்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அய்யாவும் இதே பாலத்தின் மேல்தான் போயிருப்பார். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா என்ற நினைப்பை என்னால் விரட்ட முடியவில்லை.

பாம்பனில் வண்டி மாறினேன். அதற்குப் பிறகு வெறும் மணல். தண்டவாளத்தை மூடிய மணலை ஆட்கள் வாரிக்கொண்டே இருக்கிறார்கள். தனுஷ்கோடியில் இறங்கியதும் முகத்தில் அடிப்பது கருவாட்டு வாடை. ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்கச் சாவடி, சத்திரம், இட்லிக் கடைகள் என்று மணலுக்கு நடுவே முழுசாக ஓர் ஊர்.

தலைமன்னார்க் கப்பல் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சுங்கச் சாவடிக் கம்பிக்கு வெளியே நின்றேன். அவனை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. தினமும் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம், பதினெட்டு வயதில். தலை மொட்டை, கொள்ளி வைத்தவன் அவன்தான். மஞ்சள் துணி சுற்றிய செம்பைத் தொட்டு, என்னவென்று அதிகாரி கேட்டார்.

"எங்கப்பா, சார்" என்றான்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தவன், "அண்ணே" என்று என் காலில் விழப்போனான். நான் நகர்ந்துகொண்டேன். "வெயிலாகுது, வா" என்றேன்.

கடல்கள் கூடும் இடம் வரை மணலில் நடந்தோம். வடக்கே குளம்போலக் கிடப்பது பெண்கடல், தெற்கே இரைவது ஆண்கடல் என்கிறார்கள். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். காய்ச்சல் வந்தால் அப்பா இரவெல்லாம் மடியில் போட்டுக்கொள்வாராம். பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவாராம். செத்தவருக்குப் பெருமையாகத்தான் அவன் சொன்னான். எனக்கோ ஒவ்வொன்றும் என்னிடமிருந்து பிடுங்கியதுபோல இருந்தது.

புரோகிதர் எள்ளைக் கையில் வைத்துக் கேட்டார்: "மூத்த பிள்ளை யாரு? பேரு?"

"நான்தான். முத்துக்கருப்பன்."

பக்கத்தில் நின்றவன் சட்டென்று என்னைப் பார்த்தான்.

"தம்பி பேரு?"

அவன் குனிந்துகொண்டான். "எனக்கும் அதுதான், சாமி. முத்துக்கருப்பன்."

என் பாட்டனார் பேர் அது. மூத்த மகனுக்குத்தான் வைப்பார்கள். மாமனார் பேர் என்பதால் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'ராசு' என்பாள். ஊரும் அப்படித்தான். முழுப்பேரையும் சொல்லி, "ஏலே முத்துக்கருப்பா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் அய்யா ஒருவர்தான். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தக் குரல் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

செம்பைக் கவிழ்த்தேன். சாம்பல் சற்று நேரம் மிதந்துவிட்டுக் கலைந்தது. அவன் விம்மி அழுதான். அவரை அறிந்தவன் ஓரமாக நின்று அழ, அறியாத நான் சடங்கு செய்தேன்.

கரையேறியதும் அவன் மெதுவாகச் சொன்னான்: "ஒங்க நினைப்புலதாண்ணே எனக்கு இந்தப் பேர வச்சிருப்பாரு."

"அங்கன ஒருத்தன் இருக்கான்னு நினைச்சிருந்தா, இந்தப் பேர இன்னொருத்தனுக்கு வைப்பாரா? நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாரு."

இட்லிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சாயங்காலக் கப்பலிலேயே திரும்ப அவனுக்கு அனுமதி. புறப்படும்போது கேட்டான்: "ஒரு தடவை ஊருக்கு வரட்டுமாண்ணே? அப்பா பொறந்த வீட்டைப் பாக்கணும்."

"எங்க அம்மா இருக்கா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். கப்பல் தளத்திலிருந்து கை காட்டிய கூட்டத்தில் அவனும் இருந்திருப்பான். நான் நின்று பார்க்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் வீடு சேர்ந்தேன். சேதுவில் முழுகினால் பாரம் குறையும் என்று போகும்போது பலர் சொன்னார்கள். உப்புப் பூத்த வேட்டியும் கடுகடுப்புமாகத்தான் திரும்பினேன்.

அம்மா சோறு போட்டாள். நான் பாதி சாப்பிட்டதும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ளை எப்படி இருந்தான்?"

"அவரு மாதிரியேதான்."

"பேரென்ன?"

"கேக்கலம்மா."

அவள் குழம்புச் சட்டியை மூடினாள். "கேட்டிருக்கலாம்ல ராசு. என்ன இருந்தாலும் ஒனக்குத் தம்பி" என்றாள்.