சும்மா ஓடிய எஞ்சின்

எங்கள் வீட்டுக்கு அப்பாவின் போன் வந்தால் முதல் விசாரிப்பு எனக்கில்லை, அம்மாவுக்குமில்லை, காருக்குத்தான். "ஸ்டார்ட் பண்ணுனியளா? ஆயில் பாத்தியளா?" சாப்பிட்டியா, பரீட்சை என்னாச்சு எல்லாம் அதற்கப்புறம்தான். அந்தக் காரின் மேல் எனக்குப் பொறாமைதான். வெளியே காட்ட முடியுமா?

அப்பா வளைகுடாவில் யாரோ ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு லீவில் வந்தபோது பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, விளாத்திகுளம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார். ஒப்பந்தம் முடிந்து வந்ததும் கோவில்பட்டி ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டுவதாக ஏற்பாடு. "எஞ்சின் மட்டும் நல்லா இருந்தாப் போதும், நான் வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். நான் அதை அப்படியே நம்பினேன். எஞ்சின் கெட்டால் அப்பா வரமாட்டார்.

பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அப்பா போன அன்று அம்மா அழுததைக் கேட்டுவிட்டுப் பெரியம்மா வந்து நின்றாள். "கடல் தாண்டிப் போனவன நெனச்சு வீட்டுல பொம்பள கண்ணு கலங்கக் கூடாது, அவனுக்குத்தான் ஆகாது" என்று ஒரு போடு போட்டாள். அம்மா அத்தோடு அழுகையை நிறுத்திவிட்டாள். என்ன மனஉறுதி என்று நான் வியந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காருக்கு உரியது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பது என் வேலை. அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் பண்ண மட்டும் தெரியும். எஞ்சின் தடதடவென்று பிடித்ததும் கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்துகொள்வாள். ஊரில் மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து எஞ்சினுக்குக் காது கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் அதைத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். என்னை உள்ளே சேர்க்கமாட்டாள். எதிரே பருத்தி எடுத்து முடித்த கரிசல் காடு வெறிச்சென்று கிடக்கும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் நான் டயரோடு பேசிக்கொண்டிருப்பேன். இறங்கும்போது அம்மாவுக்குக் கண் சிவந்திருக்கும். கேட்டால் புகை என்பாள்.

ஒரு ஞாயிறு கம்பியை உருவினேன். ஆயில் தார் மாதிரி கறுத்திருந்தது. எஞ்சின் கெட்டுப்போச்சு என்று அம்மாவிடம் ஓடினேன். அப்பா போனில் ஆயில் நம்பராக "பதினஞ்சு டபிள்யூ நாப்பது, டீசலுக்குன்னு போட்டிருக்கணும்" என்று சொன்னதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே அம்மாவோடு கோவில்பட்டிக்குப் போனேன். ஆயில் கடைக்காரர் கேனை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலையும் வைத்தார்.

"இதையும் ஊத்துங்கம்மா. எஞ்சினுக்கு டானிக்கு. தேய்மானமே இருக்காது."

அப்பா சீக்கிரம் வருவதற்கான மருந்து அது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து அதையும் வாங்க வைத்தேன். பஸ்ஸில் என் மடியில்தான் அந்த பாட்டில் வந்தது. மெக்கானிக் அண்ணாச்சி பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதுசை ஊற்றினார். டானிக்கைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் நான் நின்ற நிலையைப் பார்த்து அதையும் ஊற்றினார்.

கொஞ்ச வாரத்திலேயே ஆயில் மறுபடி கறுத்தது. நான் அழுதுகொண்டே ஓடி அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன்.

"ஏட்டி, டீசல் வண்டியில ஆயில் கறுக்கத்தான் செய்யும். கரியெல்லாம் அது இழுத்துக்கிடும், அது நல்லதுதான்" என்றவர், விரலில் தேய்த்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஆனா இதுல டீசல் வாடை அடிக்கே? நின்ன இடத்துலயே எம்புட்டு நேரம் ஓட விடுதிய?"

"இருட்டுற வரைக்கும்!" என்றேன் பெருமையாக.

"சரியாப் போச்சு. சும்மா ஓட விட்டா எஞ்சின் ஒழுங்காச் சூடேறாது. எரியாத டீசல் கீழ எறங்கி ஆயில நீர்க்க வச்சிரும். பெறவு எந்த ஆயில ஊத்துனா என்ன, எந்த டானிக்க ஊத்துனா என்ன? " என்று அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இனிமே நீங்க ஸ்டார்ட் பண்ண வேண்டாம். வாராவாரம் நானே வந்து எட்டயபுரம் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாரேன்."

அம்மா கார்க் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சாவியை உருவினாள். அப்புறம் "சரி அண்ணாச்சி" என்றாள்.

அதற்கப்புறம் ஞாயிறுகள் எனக்குத் திருவிழாதான். முன்சீட்டில் உட்கார்ந்து காற்று முகத்தில் அடிக்கப் போவேன். திரும்பி வரும்போது அம்மா காலிக் கொட்டகையில் வண்டி துடைக்கிற துணியும் கையுமாக நின்றுகொண்டிருப்பாள். அவளையும் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்து அப்பா பேசியபோது நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். "எஞ்சின் புதுசு மாதிரி ஓடுதுப்பா! அண்ணாச்சியே சொன்னாவ!"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "எம்மவ இருக்கையில எனக்கென்ன கவல? வண்டி கெட்டுருமோன்னுதான் அடிச்சுப்பிடிச்சு வரப் பாத்தேன். இனி என்ன, இன்னொரு ஒப்பந்தமும் முடிச்சிட்டே வாரேன். என்னளா, கேக்குதா?"

பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்டது. "சரி" என்றாள். அடுக்களைக்குள் போய்விட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. எஞ்சின் நன்றாக இருந்தால் வருகிறேன் என்றவர், நன்றாக இருக்கிறது என்றதும் வராமலிருந்தால் எப்படி?

அப்போதுதான் உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், அம்மா மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். மிக்ஸியின் அதிர்வில் அவள் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஜாருக்குள் ஒன்றுமே இல்லை.

நான் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன். "யம்மா! சும்மா ஓட விட்டா மோட்டார் போயிரும்லா?"

வீடு கப்பென்று அடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருமுவது கேட்டது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாட்டி, மறந்துட்டேன்" என்று காலி ஜாரைக் கழுவப் போனாள்.

எத்தனை தரம் சொன்னாலும் அம்மாவுக்கு ஒரு மோட்டாரின் அருமை தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.