மூணு கொட்டேஷனும் புரளும் கட்டிலும்

அரசு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் அவளுக்கு 'மூணு கொட்டேஷன்' என்றுதான் பெயர். துடைப்பம் வாங்குவதாக இருந்தாலும் மூன்று கடைகளில் விலை கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். கிண்டல் செய்தவர்களெல்லாம் தணிக்கையில் மாட்டி முழித்தார்கள். அவள் மாட்டியதே இல்லை.

அப்படிப்பட்டவள் தலையில், ஒரே ஒரு கம்பெனி மட்டும் செய்கிற பொருள் வந்து விழுந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தானாகவே புரட்டிவிடும் கட்டில். இதுவரை எந்த மருத்துவமனையும் வாங்கியதில்லை. தனியாக வாங்கத் துணிச்சல் இல்லாததால், மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனையும் இவர்களும் சேர்ந்து வாங்குவதாக ஏற்பாடு. சோதனைகளையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மற்ற இரண்டு விலைக்கு அவள் எங்கே போவாள்? சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

வார்டில் நர்ஸாக இருக்கும் அக்காவிடம் புலம்பினாள். "கட்டில் மக்கர் பண்ணினா என் வேலை போயிடும்க்கா."

"எல்லாரையும் புரட்டிப் புரட்டி என் இடுப்பு ஏற்கெனவே போயிடுச்சு. வாங்கித் தொலைடி!"

கையெழுத்துப் போட அந்தப் பக்கத்து அதிகாரி வந்தார், வழுக்கைத் தலையர். கம்பெனி என்ஜினியர் பொத்தானை அழுத்த, கட்டில் அழகாகப் புரண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் சுவரில் செருகியிருந்த பிளக்கைப் பார்த்தாள்.

"பாதியில கரண்ட் போனா என்ன ஆகும் சார்?"

"அதை நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சோம்மா," என்றார் வழுக்கைத் தலையர்.

"நீங்க பார்த்திருப்பீங்கன்னு நாங்க நினைச்சோம்!"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் படுத்தாள். "பாதி புரளும்போது பிளக்கைப் பிடுங்குங்க."

பிடுங்கினார்கள். கட்டில் சாய்ந்தபடியே நின்றது. முகம் பக்கக் கம்பியில் அழுந்த, கை அடியில் மாட்டிக்கொள்ள, அவளுக்கு மூச்சு முட்டியது. கைகால் அசைக்க முடியாதவர் இப்படிக் கிடந்தால் என்ன ஆவார்? வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் "அம்மா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வழுக்கைத் தலையர் பேனாவை மூடினார். "விட்டுடலாம்மா. நமக்கு எதுக்கு வம்பு?"

அவளும் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தாள். தரையில் இருந்த அக்காவைப் பார்த்தாள். "விட்டா, இவதானே சார் மறுபடியும் புரட்டணும்? பேட்டரி வைக்கட்டும். கரண்ட் போனா கட்டில் தானாச் சமமாகணும். இனிமே பங்கு கிடையாது, எல்லாத்தையும் ரெண்டு பேருமே பார்ப்போம்."

பேட்டரியோடு கட்டில் திரும்பி வந்த அன்று வழுக்கைத் தலையர் முதலில் படுத்தார். அடுத்து அவள். இரண்டு முறையும் பிளக்கைப் பிடுங்கியதும் கட்டில் மெல்லச் சமமானது. என்ஜினியர் பேனாவை நீட்டினார்.

"மூணாவது ஆள் வேணும்," என்றாள்.

வழுக்கைத் தலையர் சிரித்துவிட்டார். அக்கா ஏறிப் படுத்தாள். கட்டில் அவளை மெதுவாக ஒருக்களித்தது.

"பிளக்கைப் பிடுங்கட்டுமா சிஸ்டர்?"

"கொஞ்சம் இருங்க," என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி. "என்னை யாரும் இப்படிப் புரட்டிவிட்டதே இல்ல."