கம்ப்யூட்டரோடு வந்த ஜாதகம்

ஆட்களிடம் பேச வேண்டியிருக்காது என்பதற்காகவே நான் டைப்பிங் படித்தேன். பத்தாவது முடித்து, லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, தர்மபுரியில் கருங்கல் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆபீசில் சேர்ந்தேன். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை தலை நிமிர வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில் என் மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு என் நிம்மதி போயிற்று.

பெங்களூரிலிருந்து அதைக் கொண்டுவந்து பொருத்திய ஆள், நாங்கள் கேட்காத சிலவற்றையும் உள்ளே போட்டு வைத்திருந்தார். ஒரு விளையாட்டு, ஒரு பிறந்தநாள் பாட்டு, ஒரு ஜாதகம். "எல்லாம் ஃப்ரீங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டில் தோற்றுத் தோற்று மேனேஜர் அதை வெறுத்துவிட்டார். பாட்டை யாரும் சீண்டவில்லை. ஜாதகத்தை முதலாளியின் மனைவி பிடித்துக்கொண்டார்.

பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் பச்சை எழுத்தில் நாலைந்து வரி பலன் வரும், இங்கிலீஷில். ஊர்ப் பட்டியலில் தர்மபுரி இல்லை. அதனால் சித்தேரி மலையில் பிறந்தவரையும் இண்டூரில் பிறந்தவரையும் நான் பெங்களூரிலேயே பிறக்க வைத்தேன். வருகிற வரிகளைத் தமிழில் சொல்வதும் என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷோ கல்லின் நீளம், அகலம், எடையோடு சரி.

முதலில் முதலாளியம்மாவின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிறகு லாரி டிரைவர்கள். பிறகு யார் யாரோ. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதால் வாசலில் செருப்பு குவிந்தது. ஒருவர் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொண்டுவந்து கீபோர்டு மேலேயே வைத்துவிட்டார். திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடியது.

"பாத்தீங்களா, பேசுது!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓர் அம்மாள் என்னை விடவே இல்லை. "எம்பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் ஆவும்? சொல்லும்மா."

"அதெல்லாம் இதுல வரலைங்க."

"அது சொல்லியிருக்கும். நீதான் மறைக்கிற."

நாங்கள் கத்தோலிக்கர்கள். செய்தி எங்கள் கோயில் வரை போய்விட்டது. ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "உம்பொண்ணு சோசியக்காரியாமேன்னு பூசையில வச்சுக் கேக்கறாளுங்க. ஃபாதர் காதுக்குப் போறதுக்குள்ள அத நிறுத்து. இல்லன்னா வேலைய வுட்டுட்டு வூட்டோட கெட."

அழிப்பது பெரிய காரியமில்லை. அந்தப் பெங்களூர் ஆள் கற்றுக் கொடுத்த ஒரு வரியை அடித்தால் போதும். ஆனால் சொல்லாமல் அழித்தால் முதலாளியம்மா அவரையே வரவழைத்துத் திரும்பப் போட வைப்பார். பழியும் என் மேல் வரும். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு முதலாளியிடமே கேட்டேன்.

"லாரியோட வந்த ஜாக்கிய எவனாச்சும் தூக்கிப் போடுவானா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாரம் சரக்கு எடுப்பவர் யாரும் வரவில்லை. கற்கள் யார்டிலேயே கிடந்தன. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "எனக்குப் பாரு. தொழில் எப்பிடின்னு."

அவரையும் பெங்களூரில் பிறக்க வைத்தேன். வரிகள் வந்தன. முதலாளிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொழில் பண்ற எடத்துல ஜாதகம் பாக்கக் கூடாதாங்க. பாத்தா சரக்கு தேங்குமாம்."

"எந்த ஜாதகம்?"

"இந்த ஜாதகம்தாங்க."

"அதுவே சொல்லுதா? தன்னைய எடுத்துருன்னு தானே சொல்லுதா?"

"ஆமாங்க."

அப்போதுதான் பார்த்தேன், எனக்குப் பின்னால் கையில் பில்களோடு மேனேஜர் நின்றிருந்தார். அவர் நன்றாக இங்கிலீஷ் வாசிப்பார். முதலாளி அவரிடம் திரும்பினார். "என்னய்யா, அப்பிடியா போட்டிருக்கு?"

மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஆமாங்க. அப்பிடித்தான் போட்டிருக்குது."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "நேர்மையான ஜாதகம்யா! எந்தச் சோசியன் இப்பிடிச் சொல்லுவான்?"

உடனே அழிக்க விடவில்லை. காலண்டரைப் பார்த்து, ராகு காலம் கழியட்டும் என்றார். கழிந்ததும் திரைக்குச் சூடம் காட்டச் சொன்னார். காட்டினோம். நான் அந்த ஒரு வரியை அடித்தேன். நிச்சயம்தானா என்று மெஷின் கேட்டது. அதை அவருக்குச் சொன்னேன்.

"போறப்பக்கூட கேட்டுட்டுப் போவுது பாரு" என்று அவர் கும்பிட்டார். "ஆமான்னு சொல்லு."

சொன்னேன். போய்விட்டது. வீட்டம்மாவிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதுவே போகிறேன் என்ற பிறகு யார் என்ன செய்ய முடியும்?

ஜீப் சத்தம் தேய்ந்ததும் மேனேஜர் பில்களை என் மேசையில் வைத்தார்.

"ஏம்மா, மஞ்சக் கலர் சட்டை போட்டா அவருக்கு நல்லதுன்னு ஒரு வரி இருந்துச்சே. அதச் சொல்லவே இல்ல?"

"இப்பச் சொல்லிறட்டுங்களா?"

"வேண்டாம்மா. மஞ்சச் சட்டையில அவரத் தெனமும் நாமதான பாக்கணும்."